பச்சைத் தண்ணீர்க் கிணறு: குளோரின் தூளை வாங்குவதற்கு முன்

காணி விடுபட்டுப் போகிறவர்கள் முதலில் தேடுவது இரண்டை. ஒன்று வீடு நின்ற இடம், மற்றது கிணறு. வீடு பல இடங்களில் அத்திவாரமாகத்தான் மிஞ்சியிருக்கும். ஓடு, நிலை, யன்னல் எல்லாம் போயிருக்கும். கிணற்றை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. பற்றையை வெட்டி வழி எடுத்துப் போனால் கட்டு உடைந்தோ சரிந்தோ அது அங்கேயே கிடக்கும். எட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் தெரியாது, பச்சை தெரியும்.

எங்கள் குடும்பமும் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டதுதான். திரும்பிப் போனபோது கிணற்றுக்குள் ஆலங்கன்று ஒன்று முளைத்து, வேர் தண்ணீர் வரை இறங்கியிருந்தது. அம்மாவுக்குப் பொறுமை இல்லை. அன்றைக்கே குளோரின் தூள் வாங்கி வரச் சொல்லி, இரண்டு கிலோவை அப்படியே உள்ளே கொட்டுவித்தார். மறுநாள் பச்சை மறைந்து தண்ணீர் மோர் மாதிரி வெளிறியிருந்தது. நாலாம் நாள் அழுகிய முட்டை மணம். மூன்றாம் கிழமை முடிய முன்பே மீண்டும் பச்சை. தூளுக்குக் கொடுத்த காசும் போய், அயல் வீட்டில் குடத்துக்கு நிற்பதும் தொடர்ந்தது.

பிழை தூளில் இல்லை. அதைப் போட்ட நேரத்தில்தான் பிழை. மீள்குடியேறிய பல வீடுகளில் இன்றைக்கும் இதே பிழை நடப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பச்சை எங்கிருந்து வருகிறது

பாசிக்கு மூன்று விடயங்கள் போதும்: வெளிச்சம், உணவு, அசையாத தண்ணீர். எங்கள் ஊர்க் கிணறுகள் அகன்ற வாயுள்ள திறந்த கிணறுகள். உச்சி வெயில் நேரே தண்ணீரில் விழும். குடும்பம் இருந்த காலத்தில் நாளாந்தம் அள்ளுவதாலும் துலாவாலோ மிசினாலோ இறைப்பதாலும் தண்ணீர் மாறிக்கொண்டே இருந்தது. ஆள் இல்லாத கிணற்றில் அது இல்லை. இருபது, இருபத்தைந்து வருடங்களாக விழுந்த இலையும் குப்பையும் செத்த பிராணிகளும் அடியில் கறுத்த சேறாகிக் கிடக்கும். அந்தச் சேறுதான் பாசியின் சாப்பாட்டுப் பெட்டி.

ஆள் உள்ள கிணறும் பச்சையாகும். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் எருவும் மழையோடு கீழே இறங்கி நைத்திரேற்றாக நிலத்தடி நீரில் கலக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடி சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்பும் பொந்தும் நிறைய. மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலே விரைவாகக் கீழே போய்விடும். மலசலகூடக் குழியிலிருந்தும் இதே பாதையால்தான் வருகிறது. ஆகவே வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில் உள்ள கிணறு பச்சை பிடிப்பதில் அதிசயம் எதுவும் இல்லை.

எல்லாக் கலங்கலும் பாசி அல்ல. இதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. நிறமில்லாத கண்ணாடிப் போத்தல் ஒன்றில் தண்ணீரை நிரப்பி, ஒரு இரவு ஆட்டாமல் வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது சேற்றுக் கலங்கல், இறைப்போடு போய்விடும். பச்சை மேலே மிதந்தாலோ தண்ணீர் முழுக்கப் பச்சைச் சாயம் போலவே நின்றாலோ பாசி. அள்ளும்போது தெளிவாக இருந்து, வைத்த பிறகு செம்மஞ்சளாகிப் படிந்தால் இரும்பு. பால் மாதிரி வெண்மையாகவே நின்று இரண்டு நாளாகியும் படியாவிட்டால் மிக நுண்ணிய களி அல்லது சுண்ணத் துகள். பச்சைப் பெயின்ரை ஊற்றிவிட்டது போலத் தடித்த ஆடை மேலே படர்ந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகைகள் நஞ்சு சுரப்பவை. அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. அப்படிப்பட்ட தண்ணீரைக் குடிக்கவும் குளிக்கவும் வேண்டாம். மாட்டுக்கும் வைக்க வேண்டாம்.

கிணற்றில் மினுமினுக்கும் படலத்தைக் கண்டால் சுன்னாகத்தை அறிந்தவர்கள் எல்லோருக்கும் நெஞ்சு திக்கென்னும். 2014, 2015 காலத்தில் அந்தப் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் தீர்ப்பாகி, இழப்பீடும் விதிக்கப்பட்டது. ஆனால் எண்ணெய் இல்லாமலும் இப்படி மினுமினுப்பு வரும். இரும்புச் சத்தில் வாழும் பக்ரீரியாக்களும் அதே போன்ற படலத்தைப் போடும். ஒரு தடியால் படலத்தைக் கலைத்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டுகள் போல உடைந்து தனித்தனியே நின்றால் பெரும்பாலும் பக்ரீரியா. உடனே சுழன்று வந்து மீண்டும் ஒட்டிக்கொண்டால் எண்ணெய். மண்ணெண்ணெய், டீசல் மணமும் சேர்ந்திருந்தால் இறைப்பு வேலையை நிறுத்திவிட்டுப் பிரதேசத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். எண்ணெய்க்குக் குளோரின் மருந்தல்ல.

இறங்குவதற்கு முன்

மற்ற நாட்டுக் கிணற்றுக் கைநூல்களில் இந்தப் பகுதி இருக்காது. எங்களுக்கு இதுதான் முதற் பகுதி.

பாவனையற்ற கிணறுகளிலிருந்து வெடிபொருட்கள் மீட்கப்படும் செய்திகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. யார் போட்டார்கள் என்பதை விடுங்கள். கிணறு என்பது எதையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்க வசதியான இடம். அடிச்சேற்றை மண்வெட்டியால் கிண்டும்போது இரும்பில் தட்டுப்பட்டால் அது வாளியாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். முகமாலை, கிளிநொச்சி, முல்லைத்தீவு போன்ற இடங்களில் விடுபட்ட காணியானால், கண்ணிவெடி அகற்றிய சான்று அந்தக் காணிக்கு உண்டா என்று கிராம சேவையாளரிடமோ பிரதேச செயலகத்திலோ முதலில் கேளுங்கள். காணியின் மேற்பரப்பைத் துப்புரவாக்கியபோது கிணற்றின் அடியையும் பார்த்தார்களா என்று தனியாகக் கேளுங்கள். இறைப்புக்கு இறங்கியபின் சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடவோ கயிறு கட்டி இழுக்கவோ கூடாது. ஆட்கள் மெல்ல மேலே ஏற வேண்டும். பிறகு 119க்கு அழைத்துப் பொலிஸாருக்குச் சொல்ல வேண்டும். ஹலோ ட்ரஸ்ட், டாஷ், ஷார்ப் போன்ற கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் எதுவும் அயலில் வேலை செய்தால் அவர்களிடமும் சொல்லலாம்.

எலும்பு வந்தாலும் அப்படித்தான். ஆட்டெலும்போ மாட்டெலும்போ என்று நாமே முடிவு கட்டிச் சேற்றோடு வெளியே வீசக்கூடாது. கொக்குத்தொடுவாயில் 2023 யூன் இறுதியில் மனித எச்சங்கள் வெளிப்பட்டது, தண்ணீர்க் குழாய் பதிக்க நிலத்தை வெட்டியபோதுதான். துணியோ பொத்தானோ பல்லோ கூட வந்தால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்தி, கிடந்தபடி விட்டு, படம் எடுத்து வைத்துக்கொண்டு, பொலிஸாருக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். கிணறு தெளிவது சில மாதம் பிந்தலாம். எங்கோ ஒரு தாய் அதைவிட நீண்ட காலமாகக் காத்திருக்கிறாள்.

அடுத்தது காற்று. பாழ்க்கிணற்றில் அழுகும் சேற்றிலிருந்து காபனீரொட்சைட்டும் வேறு வாயுக்களும் எழும்பி அடியில் தங்கும். அங்கே ஒட்சிசன் குறைவு. இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழ, ஒரே கிணற்றில் இரண்டு மூன்று உயிர் போகிறது. பழைய ஆட்கள் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்கக்கூடாது. அது நல்ல சோதனை, ஆனால் அரைச் சோதனை. மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் மிசினைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓடவிட்டால் அதன் புகையில் காபனோரொட்சைட்டு வரும். அதற்கு மணமில்லை, லாம்பையும் அணைக்காது. விளக்கு எரிந்துகொண்டிருக்க ஆள் சாவார். மிசின் எக்காரணம் கொண்டும் கட்டுக்கு வெளியே, காற்று வீசும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் நிற்க வேண்டும். நீர் உறிஞ்சும் ஆழம் போதாவிட்டால் தண்ணீருக்குள் மூழ்கும் மின் மோட்டரைத்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும். அது ஓடும்போது தண்ணீருக்குள் ஆள் நிற்கக்கூடாது.

இறங்குபவரின் இடுப்பிலும் நெஞ்சிலும் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்திருக்க வேண்டும். இறங்க முன்பு அரை மணி நேரமாவது இலைக் கொப்புகளைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கி அடிக்காற்றைக் கலைப்பது பழைய வழக்கம். இன்றைக்கு அதோடு மின்விசிறியால் ஒரு குழாய் வழியாகக் காற்றையும் செலுத்தலாம். தலை சுற்றுகிறது என்று ஒரு சொல் வந்தாலே மேலே இழுத்துவிடுங்கள். விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்க வேண்டாம். கயிற்றால் இழுங்கள், 1990க்கு அழையுங்கள்.

கலக்கி இறைத்தல்

இறைப்புக்கு ஆவணி, புரட்டாதிதான் காலம். தண்ணீர் குறைந்து அடி தெரியும், மாரி வருவதற்கு முன் வேலை முடியும். மார்கழியில் நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது எவ்வளவு இறைத்தாலும் ஊறிக்கொண்டே இருக்கும்.

முதலில் மிதக்கும் பாசியை வலைத் துணியால் அள்ளி எடுங்கள். கிணற்றுக்குள் மீன் இருந்தால் அதையும் வாளியில் பிடித்து வையுங்கள். நுளம்புக் குடம்பியைத் தின்ன என்று சுகாதாரப் பகுதியினர் விட்ட மீனாகவும் அது இருக்கக்கூடும். 2016 இறுதியில் மன்னாரில் புதிய மலேரியா நுளம்பு இனம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணற்றிலும் பெருகுவது தெரிந்த பிறகு இந்த மீன்களுக்கு மதிப்புக் கூடியது. குளோரின் போட்டால் மீன் செத்துவிடும்.

பிறகு இறைப்பு. இங்கே ஆத்திரப்படக்கூடாது. குடாநாட்டிலும் தீவுப் பகுதியிலும் கரையோரத்திலும் நாம் குடிக்கும் நன்னீர், கடல் நீருக்கு மேலே மிதக்கும் ஒரு வில்லை மாதிரி. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே உள்ள அந்த ஓர் அடியைத் தொடர்ந்து உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தால் கீழிருக்கும் உவர் மேலே ஏறும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளை நல்ல மனத்தோடு திரும்பத் திரும்ப வெறுமையாக்கினார்கள். அதனால் உப்பு விரைவாகக் குறையவில்லை, அளவுக்கு மீறிய இறைப்பு கேட்டைத்தான் கூட்டும் என்று அப்போது ஆராய்ந்தவர்கள் எச்சரித்தார்கள். கரையோரக் கிணறென்றால் ஒருமுறை இறைத்து, சேற்றை எடுத்து, ஊற விடுங்கள். ஒரே நாளில் மூன்று முறை வற்றவைக்க வேண்டாம். வாயில் உவர் தட்டினால் உடனே நிறுத்துங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய கல்லுக்கட்டுக் கிணற்றின் சுவரை உள்ளே நிற்கும் தண்ணீரும் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சட்டென வெறுமையாக்கினால் வெளிப்புற ஈர மண் தள்ளிக் கட்டு உள்ளே சரியலாம். வேர் பிளந்த கட்டுக்கு இது இன்னும் ஆபத்து. வேரை இழுத்துப் பிடுங்காமல் அரிவாளால் சுவரோடு அறுத்துவிடுங்கள், பிறகு சீமெந்து வைத்துப் பூசலாம்.

தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியதும் அடிச்சேற்றைக் கலக்கிக் கலக்கி வாளியில் ஏற்ற வேண்டும். இதைத்தான் கலக்கி இறைத்தல் என்கிறோம். சுவரைத் தென்னம் பொச்சாலோ கம்பித் தூரிகையாலோ தேய்த்து, பாசியை உரித்து, அதையும் வெளியே எடுக்க வேண்டும். ஊற்றுக்கண் வெள்ளையாகத் தெரியும் வரை இந்த வேலை நிற்கக்கூடாது. எடுத்த சேற்றைக் கட்டுக்குப் பக்கத்தில் குவித்தால் அடுத்த மழைக்கு அது வீடு திரும்பிவிடும். தூரத்து வாழைக்குப் போடுங்கள், நல்ல பசளை.

எங்கள் வீட்டில் இரண்டாம் முறை இப்படித்தான் செய்தோம். ஒன்றரை நாள் வேலை. வாளி வாளியாக வந்த சேற்றைப் பார்த்தபோதுதான் முதல்முறை நாங்கள் கொட்டிய இரண்டு கிலோ தூளுக்கு என்ன நடந்தது என்று விளங்கியது. குளோரின் கிருமியை மட்டும் தேடிப் போய்க் கொல்லும் பொருள் அல்ல. வழியில் சந்திக்கும் பாசி, இலை, சேறு எல்லாவற்றோடும் சண்டை பிடித்துத் தன்னையே செலவழித்துவிடும். கிருமியிடம் போய்ச் சேரும்போது மிச்சம் இருக்காது. செத்த பாசி அடியில் விழுந்து அழுகி, அடுத்த பாசிக்குப் பசளையாகும். கலங்கல் துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிக்கும் எதுவும் ஆகாது.

நீச்சல் தடாகக்காரர் செய்வது வேறு

இப்போது யாழ்ப்பாணத்து விடுதிகளிலும், வெளிநாட்டிலிருந்து வந்து கட்டும் சில வீடுகளிலும் நீச்சல் தடாகம் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் பிள்ளை ஒருவர், தடாகம் பச்சையானால் தூளைக் கூடப் போட்டே தெளிய வைக்கிறாரே, கிணற்றுக்கு மட்டும் ஏன் சரிவராது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

தடாகம் அடியும் பக்கமும் பூசி அடைத்த தொட்டி. அதில் மணல் வடிகட்டி ஒன்று உண்டு. தூள் போட்டுப் பாசியைக் கொன்ற பிறகு சுவரைத் தேய்த்து, வடிகட்டியை இரவு பகலாக ஓடவிட்டு, அடியில் படிந்த செத்த பாசியைக் குழாயால் உறிஞ்சி வெளியே விடுவார்கள். தண்ணீரைத் தெளிய வைப்பது வடிகட்டிதான், தூள் பாதி வேலைதான் செய்கிறது. கிணற்றில் அந்த வடிகட்டி இல்லை. வாளியும் ஆளும்தான் வடிகட்டி. அதோடு கிணற்றின் அடி திறந்தது. உள்ளே போடுவது அயல் வீட்டுக் கிணற்றுக்கும் போகும்.

ஆகவே தடாகத்துக்கு விற்கும் சரக்கைக் கிணற்றுக்கு வாங்காதீர்கள். தடாகக் குளிசைகள் பலவற்றில் வெயிலுக்குக் குளோரின் போகாமல் பிடித்து வைக்க சயனூரிக் அமிலம் சேர்ந்திருக்கும். பாசிக்கொல்லிகளில் செம்பு இருக்கும். துருசு போட்டால் பாசி போகும் என்று ஊரிலும் சொல்வார்கள். போகும்தான், ஆனால் குடிநீரில் செம்பு லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கைக் கணக்கில் கொட்டும் துருசு அதை எளிதில் தாண்டும். இன்னொன்று, தடாகக் குளிசையையும் சாதாரண குளோரின் தூளையும் ஒரே வாளியில் கலந்தால் தீப்பற்றலாம், வெடிக்கவும் கூடும்.

கிணற்றுக்கு வேண்டியது ரி.சி.எல் எனப்படும் வெளிற்றும் தூள். புதிதாக இருந்தால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். திறந்து வைத்த பழைய தூளில் அது பறந்துபோயிருக்கும். 65 முதல் 70 வீதம் குளோரின் உள்ள வீரியமான தூளும் உண்டு. வாங்கும்போது எது என்று கேட்டு, பையில் உள்ள வீதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அளவு சொல்லித் தருவார்.

அளவை நீங்களும் கணக்கிடலாம். கிணறு இறைத்து ஒரு இரவு ஊறிய பிறகு, உள்விட்டத்தையும் தண்ணீரின் உயரத்தையும் அடியில் அளவுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை உயரத்தால் பெருக்கி, வருவதை 22ஆல் பெருக்குங்கள். அதுதான் லீற்றர். 10 அடி விட்டம், 10 அடி தண்ணீர் என்றால் 10 × 10 × 10 × 22, அதாவது 22,000 லீற்றர். இறைத்த கிணற்றைத் தொற்றுநீக்க லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்பது பரவலாகப் பாவிக்கும் அளவு. இந்தக் கிணற்றுக்கு 1.1 கிலோ குளோரின் வேண்டும். புதிய ரி.சி.எல் ஆனால் ஏறத்தாழ 3.3 கிலோ, 65 வீதத் தூளானால் 1.7 கிலோ. இது கிணற்றைக் கழுவும் அளவு. இந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது.

தூளை நேரே கொட்டக்கூடாது, அடியில் கட்டியாகிப் படுத்துவிடும். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீரை எடுத்து, அதற்குள் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தடியால் கரையுங்கள். தூளின் மேல் தண்ணீரை ஊற்ற வேண்டாம். கையுறை போட்டு, மூக்கு வாயை மூடி, காற்று முதுகுப் பக்கமாக வரும்படி நில்லுங்கள். சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்ததை மட்டும் கட்டைச் சுற்றிச் சுவர் நனைய ஊற்றி, வாளியை மேலும் கீழும் இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். அப்போது கிணற்றுக்குள் ஆள் இருக்கக்கூடாது. பன்னிரண்டு மணி நேரம் தொட்டம், ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நல்லது. அயலில் பொதுக் கிணறு இருந்தால் அந்த வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பிறகு மணம் போகும் வரை இறைத்து விடுங்கள். அந்தத் தண்ணீரை மீன் தொட்டிக்கோ பயிருக்கோ குளத்துக்கோ விடாமல் வெறும் நிலத்தில் பரவ விடுங்கள்.

மணம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தவர்கள் பலருக்குக் குளோரின் மணம் என்றால் வயிறு பிரட்டும். பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்ற நாட்கள் அந்த மணத்தோடு ஒட்டிக்கொண்டு திரும்பி வரும். சொந்தக் கிணற்றிலும் அதே மணமா என்று அவர்கள் முகம் சுளித்தால் அதைக் கேலி செய்யாதீர்கள். இறைத்து முடித்து இரண்டு மூன்று நாளில் அது போய்விடும் என்று சொல்லி, அதுவரைக்கும் அவர்களுக்கு வேறு தண்ணீர் கொண்டுவந்து கொடுங்கள்.

தேத்தாங்கொட்டையும் முருங்கை விதையும்

இறைப்புக்கு ஆளோ காசோ இல்லாத வீடுகள் உண்டு. பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளும் உண்டு. அவர்கள் குடத்தளவில் தண்ணீரைத் தெளிய வைக்கலாம். தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்து வைப்பது எங்கள் பாட்டிமாரின் முறை. காய்ந்த முருங்கை விதையின் பருப்பை இடித்துக் கரைத்து ஊற்றினாலும், சிறிது படிகாரம் கரைத்தாலும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் விழும். மேலே நிற்பதை மட்டும் துணியால் வடித்து எடுக்க வேண்டும்.

இவை தெளிய வைக்கும். கிருமியை முற்றாகக் கொல்லாது. வடித்த தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுத்தான் குடிக்க வேண்டும். நெருப்புக் காய்ச்சலும் செங்கண்மாரியும் வயிற்றோட்டமும் தெளிந்த தண்ணீராலும் வரும்.

பச்சை திரும்பி வராமல்

வெளிச்சத்தை மறைத்தால் பாசிக்குப் பாதி உயிர் போய்விடும். முழுக் கொங்கிறீற் மூடி எல்லோராலும் முடியாது. கம்பி வலையின் மேல் கிடுகு போட்டாலும் போதும், இலையும் விழாது. நுளம்பு வலை போட்டால் நுளம்பும் இறங்காது. கட்டு நிலத்திலிருந்து இரண்டரை அடியாவது உயர வேண்டும். பிள்ளைகள் விழாமல் காக்கவும் அது தேவை. சுற்றி மூன்று, நான்கு அடி அகலத்துக்குச் சீமெந்துத் தளம் போட்டு, குளிக்கும் தண்ணீர் கிணற்றுப் பக்கம் திரும்பாமல் வாய்க்கால் எடுத்துவிடுங்கள். சவர்க்காரத் தண்ணீர் பாசிக்கு விருந்து. மலசலகூடக் குழி 50 அடிக்குள் இருக்கக்கூடாது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் அதன் இரு மடங்கு தூரம் இருந்தாலும் தப்பில்லை. சிறிய காணிக்குள் வீடு, குழி, கிணறு மூன்றையும் அடக்க வேண்டியிருக்கும்போது இந்த அளவு கடதாசியில் மட்டும்தான் நிற்கிறது. அங்கே குழியை அடி பூசிய தொட்டியாகக் கட்டுவதற்குச் சண்டை பிடிக்க வேண்டியது வீட்டுக்காரர்தான்.

கிணற்றுத் தண்ணீரை நாளும் பாவியுங்கள். பாவிக்கிற கிணறு பச்சையாவது குறைவு.

எல்லாம் முடிந்து தண்ணீர் அடி தெரியத் தெளிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. குளோரின் மணம் முற்றாகப் போனபின், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலமோ தண்ணீரைப் பரிசோதியுங்கள். மாதிரிக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய போத்தலையே பாவிக்க வேண்டும், பழைய சோடாப் போத்தல் ஆகாது. அறிக்கையில் மூன்றைப் பாருங்கள். ஈ.கோலை 100 மில்லி லீற்றரில் ஒன்றும் இருக்கக்கூடாது. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். உப்புத்தன்மையும் கவனிக்க வேண்டும். நைத்திரேற்றைக் குளோரினும் போக்காது, கொதிக்க வைப்பதும் போக்காது. கொதிக்கும்போது தண்ணீர் வற்றுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரில் அது அதிகமாக இருந்தால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். அந்த வீட்டில் குழந்தைக்கு மட்டுமாவது வேறு தண்ணீர் எடுக்க வேண்டும்.

எங்கள் கிணற்றின் அறிக்கையில் கிருமி இல்லை, நைத்திரேற்று வரம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஐந்து மீன்களை அயல் கிணற்றில் வாங்கி வந்து விட்டோம். அம்மா இப்போதும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார். முதல் வாளியை மட்டும் அன்றைக்குக் கட்டில் நின்றபடியே தலையில் ஊற்றிக்கொண்டார்.